துண்டை எடுத்துட்டுப் பேரம் பேசு, பேராண்டி

உன் சேனல் நல்லாத்தான் போவுது பேராண்டி. நம்ம பீமன் அருவிய நான் பொறந்ததுலருந்து பாக்கறன், நீ காட்டுன அளவுக்கு அது ஒருநாளும் கொட்டுனதில்ல. சித்திரையில சொட்டிக்கினு இருக்கற தண்ணிய இன்னா மாயம் பண்ணியோ, ஐப்பசி வெள்ளமா வுழ வச்சிட்ட. கீழ்செப்பிலி கல்லு வூட்டுக்குப் போயி "குள்ளர்கள் வாழ்ந்த மர்மக் குகை"ன்னு பேரு வச்சி, செவப்புல மூணு அம்புக்குறி போட்டு, பக்கத்துல வாயப் பொளந்த உன் மூஞ்சிய ஒட்டியிருக்க. அது எந்தக் காலத்துலயோ செத்தவங்களுக்காக எழுப்புன கல்திட்டைன்னு தொல்லியல் படிச்சவங்க சொல்றாங்க. ஆனா செத்தவனுக்கு வியூஸ் வராது, குள்ளனுக்குத்தான் வரும். அது உன் தொழில் ரகசியம், நான் குறுக்க வரல. காசு வாங்காம வுடற கதைக்கு எந்தக் காலத்துலயும் கணக்கு கேட்டதில்ல.

நான் உன்ன வரச் சொன்னது அந்த ரிசார்ட் வீடியோவுக்காக.

"தற்செயலா இந்தப் பக்கம் வந்தோம் மக்களே, ஜமுனாமரத்தூர்கிட்ட இப்படி ஒரு எடம் இருக்கும்னு எதிர்பாக்கவே இல்ல"ன்னு கண்ண உருட்டுனியே, பிரமாதம். அடுத்த தடவ தெருக்கூத்துக்கு ஆளு கொறஞ்சா உன் பேரத்தான் சொல்லப் போறன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தற்செயலா வந்தவன் வாசல்ல நுழையிறத உள்ளருந்து எவன்டா படம் புடிச்சான்? நீ எதிர்பாக்கல சரி, அந்த ஆரத்தித் தட்டு உன்ன எதிர்பாத்துக்கினு இருந்துச்சே, அது எப்படி? ராத்திரி வானத்தப் பாத்து "இந்த நட்சத்திரத்தையெல்லாம் பாக்கணும்னா இங்கதான் வரணும்"னு உருகுன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு தாங்கல. நட்சத்திரத்துக்கும் அந்த ரிசார்ட் மொதலாளிக்கும் இன்னாடா ஒப்பந்தம்? இதே மலையில காவலூர்ல, வைணு பாப்பு வானாய்வகத்துல, 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி வச்ச தொலைநோக்கி 1986லருந்து மேலதான் பாத்துக்கினு இருக்குது. 1977ல யுரேனஸ சுத்தி வளையம் இருக்கறது தெரிஞ்சப்ப, அதப் பாத்து வச்ச எடங்கள்ல காவலூரும் ஒண்ணு. அவங்க ஒருத்தரும் பெல் பட்டன அமுக்கச் சொல்லல.

திட்டறதுக்குக் கூப்டலடா, ஒக்காரு. ஏமாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா அதையாவது ஒழுங்காச் செய்யணும்னு எனக்கு ஆச. நான் மாட்டுத் தரகு பாத்தவன். கீழ போளூர் பக்கம் சந்தைக்குப் போனா, விக்கிறவன் கையும் என் கையும் துண்டுக்கு அடியில இருக்கும். ஒரு வெரலப் புடிச்சா ஒரு வெல, அமுக்குனா இன்னொரு வெல. சுத்தி நிக்கிற நூறு பேருக்கும் தெரியறது எங்க மூஞ்சிங்க மட்டும்தான். வாங்க வந்தவன், "பெரியவரு நமக்காகத்தான் பேசறாரு"ன்னு நம்பிக்கினு நிப்பான். நான் ரெண்டு பக்கமும் வாங்கிக்கினு, "மாடு தங்கம்யா"ன்னு சொல்லுவன். உன் வீடியோவப் பாத்ததும் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்துச்சி. நீ துண்டுக்குப் பதிலா டிரோன் வச்சிருக்க, அவ்ளோதான்.

ஆனா அன்னிக்கி சந்தையில துண்ட எடுக்கச் சொல்ல ஆளு கிடையாது. இன்னிக்கி இருக்குதாம். உங்க அத்த பொண்ணு வக்கீலுக்குப் படிக்கிறாளே, அவ லீவுக்கு வந்தப்ப அத்தனையும் படிச்சிக் காட்டுனா. நான் ஒவ்வொரு தப்பிக்கிற வழியா சொன்னன், அவ ஒவ்வொண்ணுக்கும் ஒரு விதி எடுத்துப் போட்டா. எனக்கே அவமானமாப் போச்சி. இத்தன வருசத் தரகுக்காரன் மூளைக்கு எட்டுனதெல்லாம் தில்லியில எவனோ ஒருத்தன் முன்னாடியே யோசிச்சி வச்சிருக்கான். அவனும் மாட்டுத் தரகு பாத்திருப்பான்னு நெனைக்கிறன்.

மொத வழி, "நான் காசே வாங்கல தாத்தா, ஒரு ராத்திரி ஓசியில தங்குனன், கோழி சாப்ட்டன்." நல்ல வழிதான், எனக்கும் புடிச்சிருந்துச்சி. 2023 ஜனவரி 20ந் தேதி நுகர்வோர் விவகாரத் துறை உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு வழிகாட்டி வுட்டுச்சாம். அதுல கூலின்னா ரூவா மட்டும் இல்ல. ஓசிப் பொருளு, தள்ளுபடி, பரிசு, சுற்றுலா, ஓட்டல்ல தங்கறது, விருது, எல்லாமே கூலிதான். நீ கேக்காமலே வூட்டுக்கு வந்து சேந்த பார்சல் கூடத்தான். ஓட்டல்ல தங்கறதுன்னு தனியா எழுதியே வச்சிட்டான்டா, உன்ன நெனச்சிக்கினு எழுதுன மாதிரியே. கோழியப் பத்தித் தனியா ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்காக நீ கோர்ட்டுல வாதாட வேணாம்.

ரெண்டாவது, "சொல்றன், ஆனா கீழ விவரக் குறிப்புல சொல்றன்." அதாவது நாப்பது ஹேஷ்டேக்குக்கு நடுவுல, ஜவ்வாதுமலை, இயற்கை, அருவி, தமிழன்டா, அதுக்கு அடுத்தாப்புல கண்ணுக்குத் தெரியாத ஒரு வார்த்தை. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறச்சது பழைய காலம், இப்ப பூசணிக்காய ஹேஷ்டேக்குல மறைக்கிறாங்க. அதுவும் செல்லாதாம். ஹேஷ்டேக் கூட்டத்துலயும் லிங்க் கூட்டத்துலயும் கலக்கக் கூடாது. வீடியோன்னா வீடியோவுக்குள்ளயே இருக்கணும், எழுத்தாவும் தெரியணும், வாயாலயும் சொல்லணும். லைவ் போட்டா போடற நேரம் முழுக்க எழுத்து நிக்கணும். "விளம்பரம்"னோ "ஸ்பான்ஸர்டு"ன்னோ, பாக்கறவனுக்குப் புரியற மாதிரி. "அன்பு அண்ணனுக்கு நன்றி"ன்னு போட்டியே, எந்த அண்ணன், எதுக்கு நன்றின்னு எனக்கே புரியல.

அப்ப நான் சொன்னன், "சரி, ஒரு நொடி மின்ன வுட்டுடலாம், கண்ணு சிமிட்டறதுக்குள்ள போயிடும்." அவ சிரிச்சா. 1985லருந்து விளம்பரத் தொழில் ஆளுங்களே சேந்து நடத்தற கவுன்சில் ஒண்ணு இருக்குதாம், ஏஎஸ்சிஐன்னு பேரு. அது 2021 ஜூன் 14லருந்து நொடிக் கணக்கே வச்சிருக்குது. 15 நொடிக்குள்ள இருக்கற வீடியோன்னா அந்த எழுத்து 3 நொடியாவது நிக்கணும். அதுக்கு மேல 2 நிமிசம் வரைக்கும்னா, வீடியோ நீளத்துல மூணுல ஒரு பங்கு. 2 நிமிசத்துக்கு மேல போனா, அந்தச் சரக்கப் பத்திப் பேசற பகுதி முழுக்க. உன் வீடியோவப் போட்டுப் பாத்தன். ரிசார்ட்டப் பத்திப் பேசாத பகுதின்னு பாத்தா, ஆரம்பத்துல நீ கால்லருந்து அட்டைப்பூச்சியப் புடுங்கி எறியற எடம் ஒண்ணுதான்.

"அதான் யூடியூப்ல டிக் போட்டுட்டேனே"ன்னு முனகாத. அந்த டிக்க நீ போட்டா, வீடியோ ஆரம்பத்துல பணம் வாங்கிப் பண்ண விளம்பரம் இருக்குதுன்னு ஒரு 10 நொடி காட்டுவான். போடணும்னு அவனும்தான் சொல்றான். ஆனா அவங்கிட்டயே எழுதியிருக்குது, உங்க ஊரு சட்டம் வேற எதனா கேட்டா அதுவும் உன் பொறுப்புன்னு. அவன் கணக்கு அவனுக்கு, நம்ம சர்க்கார் கணக்கு சர்க்காருக்கு. அதுவும் நீ டிக் போடவே இல்லன்னு எனக்குத் தெரியும். முழிக்காத.

கவுன்சில்காரன் ஜெயில்ல போடமாட்டான், வீடியோவ மாத்து, எடுன்னு சொல்லுவான், பேர வெளிய வுடுவான். பல்லு இருக்கறது இன்னொருத்தருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்னு 2019ல ஒண்ணு வந்துச்சி. அதுக்குக் கீழ 2020 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்னு ஒண்ணு வச்சாங்க. தப்பா வழிகாட்டற விளம்பரம்னு முடிவாச்சின்னா, பண்டம் பண்ணவனுக்கு மட்டும் இல்ல, அதப் புகழ்ந்தவனுக்கும் 10 லட்சம் வரைக்கும் தண்டம். திரும்பப் பண்ணா 50 லட்சம். அப்பறம் ஒரு வருசம் எதையும் புகழக் கூடாதுன்னு வாயக் கட்டிடுவாங்க, மறுபடியும்னா 3 வருசம். உன்னால மூணு வருசம் எதையும் புகழாம இருக்க முடியுமாடா? காலையில கேப்பக் கூழு குடிச்சாலே "வேற லெவல் மக்களே"ன்னு சொல்ற ஆளு நீ.

நெசமாவே தப்பிக்கறதுக்கு அதே சட்டத்துல ஒரு வழி இருக்குது. புகழறதுக்கு முன்ன அந்தப் பேச்சு நெசமான்னு ஒழுங்கா விசாரிச்சேன்னு காட்டுனா தண்டம் இல்ல. நீ இன்னா விசாரிச்ச? மெத்த மெதுமெதுன்னு இருக்குதான்னு குதிச்சிப் பாத்த. "காட்டுக்குள்ள தனியா நடந்து போவலாம்"னு அவங்க சொன்னத அப்படியே ஒப்பிச்சியே, வனத்துறை அனுமதி இல்லாம காப்புக்காட்டுல கால வச்சா குத்தம்னு இந்த மலையில பொறந்த உனக்குத் தெரியாதா? உன் பேச்ச நம்பி சென்னையிலருந்து வர்ற நாலு புள்ளைங்க வனக்காவலர் கையில மாட்டுவாங்க. அன்னிக்கி ரிசார்ட்காரன் "அந்த யூடியூப் தம்பிதான் சொன்னாரு"ன்னுதான் சொல்லப் போறான்.

ரிசார்ட்டாவது பரவாயில்லடா. தேனு வீடியோவுக்கு வர்றன்.

மலைத்தேன் நல்ல தேன்தான். நானே கயிறு கட்டி எறங்கி எடுத்தவன், நீ சொல்லி நான் தெரிஞ்சிக்க வேணாம். ஆனா நீ இன்னா பண்ண? கீழ் ஊரு யாவாரி ஒருத்தன் குடுத்த பாட்டில கையில புடிச்சிக்கினு, "தெனம் ரெண்டு ஸ்பூனு, சர்க்கர நோய் ஓடிடும், உடம்பு எளைக்கும், பிரஷரு எறங்கும்"னு அடிச்சி வுட்டியே. எனக்கே சர்க்கர இருக்குதுடா! நான் தேனுலயே பொறந்து வளந்தவன். ஓடல. மாசா மாசம் ஆசுபத்திரிக்குப் போயி மாத்திர வாங்கறதுக்கு நீதான வண்டியில இட்டுக்கினு போற?

இதுக்குன்னு ஒரு பழைய சட்டம் இருக்குது, 1954ல போட்டது. மருந்து, மாய மந்திர வைத்தியம் இதுகளப் பத்தி ஆட்சேபகரமான விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு. அதுல ஒரு வியாதிப் பட்டியலே இருக்குது. சர்க்கர நோய், ரத்தக் கொதிப்பு, உடம்புப் பருமன், இதய நோய், ஆண்மைக் கொறவு, ஆளு ஒசரமாவறது கூட. இத இத குணமாக்கும்னு விளம்பரம் பண்ணா, மொத தடவையே 6 மாசம் வரைக்கும் ஜெயிலு இல்ல அபராதம், ரெண்டும் சேத்தும் வரலாம். அடுத்த தடவ ஒரு வருசம் வரைக்கும். தேனு மருந்து இல்லையேன்னு நீ சொல்லலாம். வியாதிய ஓட்டும்னு நீ சொன்ன நிமிசமே அது மருந்துக் கணக்குல போயிடுது. ஒரே மூச்சுல மூணு வியாதிய ஓட்டுன, பட்டியல்ல மூணும் இருக்குது. ஆண்மையத் தொடாம வுட்டியே, அந்த மட்டும் உன் பாட்டி காதுல வுழாமப் போச்சி.

பெரிய கம்பெனிக்கே இந்த விசயத்துல மூக்கு ஒடஞ்சிருக்குது. பதஞ்சலி விளம்பரங்கள எதுத்து இந்திய மருத்துவச் சங்கம் 2022ல உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சி. அந்த வழக்குல 2024 மே மாசம் நீதிபதிங்க ஒண்ணு சொன்னாங்க. தப்பான விளம்பரத்துக்குக் கம்பெனி எவ்ளோ பொறுப்போ, அதுல வந்து பேசற பிரபலமும் இன்ஃபுளுயன்சரும் அவ்ளோ பொறுப்புன்னு. நீ பிரபலமான்னு கேக்காத. உங்க அம்மாவுக்கு நீ பிரபலம்தான்.

அதுக்காக நம்ம தேனப் பத்திப் பேசவே கூடாதுன்னு ஒருத்தனும் சொல்லல. எந்தப் பாறையில எடுத்தது, எந்த மாசம், எந்தப் பூவு பூத்த நேரம், அதச் சொல்லேன். அதக் கேக்க ஆளு இருக்குது. பாட்டில் மேல உணவுப் பாதுகாப்புப் பதிவு நம்பரு இருக்குதான்னு பாரு. சின்ன அளவுல யாவாரம் பண்ற ஆளுக்கு வெறும் பதிவே போதும். உனக்கு பாட்டில் குடுத்த யாவாரிகிட்ட அந்த நம்பரு இருந்துச்சா? மூடியில ஒட்டியிருந்தது அந்தத் தேனு எந்த ஊருதுன்னு கூடச் சொல்லல. அத "நம்ம மலைத்தேன்"னு நம்ம ஊரு பேர வச்சி வித்துக் குடுத்திருக்க. மலை பேருக்கு அவன் உனக்குக் குடுத்தது ரெண்டாயிரமா, மூவாயிரமா? ரொம்ப மலிவா வித்துட்ட.

அப்பறம், ஒரு சீட்டு வெளையாட்டு ஆப்புக்காரன் உனக்கு மெசேஜ் அனுப்பறான்னு கேள்விப்பட்டன். "ஒரே ஒரு ரீல்ஸ் ப்ரோ, அம்பதாயிரம்"னு. சினிமாக்காரங்களே வந்து ரம்மி ஆடச் சொன்ன காலம் ஒண்ணு இருந்துச்சி, அவங்களுக்கு ஒண்ணும் ஆவலைன்னு நீ நெனைப்ப. ஆன்லைன் சூதாட்டத்தத் தடுக்கற நம்ம தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரல்ல கையெழுத்தாச்சி. அப்பறம் 2025 ஆகஸ்ட்ல மத்திய சர்க்கார் காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டத்தையே தடை பண்ணிடுச்சி. அதுக்கு விளம்பரம் பண்ணா 2 வருசம் வரைக்கும் ஜெயிலு, 50 லட்சம் வரைக்கும் தண்டம். இங்க நொடிக் கணக்கெல்லாம் கிடையாது பேராண்டி. "இது விளம்பரம்"னு கொட்டை எழுத்துல போட்டாலும் அது விளம்பரம் பண்ணதுக்கு நீயே எழுதிக் குடுத்த சாட்சிதான்.

சொன்னாலும் மாட்டுவாங்களான்னு கேக்கறியா? அமெரிக்காவுல கிம் கர்தாஷியன்னு ஒரு அம்மா, கோடிக் கணக்குல ஆளு பின்னால வருதாம். ஒரு கிரிப்டோ காசப் பத்தி இன்ஸ்டாகிராம்ல போட்டுது. விளம்பரம்னு ஹேஷ்டேக்கும் போட்டுச்சி. ஆனா 2,50,000 டாலர் வாங்குனத சொல்லல. முதலீட்டுச் சமாச்சாரத்துல அங்க எவ்ளோ வாங்குனன்னும் சொல்லணுமாம். 2022 அக்டோபர்ல 12,60,000 டாலர் கட்டிட்டு வந்துச்சி. வாங்குனதுல அஞ்சு பங்கு! அந்த ஊருலயே 2017ல மாட்டுன ரெண்டு பசங்க, யூடியூப்ல ஒரு சூதாட்டத் தளத்துல வெளையாடி ஜெயிச்சி ஜெயிச்சிக் காட்டுனாங்க. "சும்மா கண்ல பட்டுச்சி, அருமையா இருக்குது"ன்னு. கடைசியில பாத்தா, சிஎஸ்ஜிஓ லோட்டோன்னு அந்தத் தளமே அவனுங்களோடது. தன் கடைக்கே தற்செயலா வந்த மொத ஆளுங்க அவனுங்கதான். நீ ரெண்டாவது.

இன்னொண்ணு. அடுத்தவன் வீடியோவுக்குக் கீழ போயி "என் சேனலயும் கொஞ்சம் பாருங்க ப்ரோ"ன்னு கையேந்தறியே, அத முதல்ல நிறுத்து. கலெக்டரு ஆபீஸு கோடை விழா வீடியோவுக்குக் கீழ கூட உன் பேருதான் இருக்குது, அதுவும் ஒரே வரி, பன்னெண்டு எடத்துல. யூடியூப் விளம்பரக் காசு வர்றதுக்கு 1,000 சந்தாதாரரும், ஒரு வருசத்துல 4,000 மணி நேரம் பாத்த கணக்கும் வேணும்னு உனக்கு அவசரம், புரியுது. அதுக்காக "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடறன்"னு சப்ஸ்கிரைபர மாத்திக்கிறத யூடியூப்காரன் போலிக் கணக்குலதான் சேக்கறான். ஒரே கருத்த ஊரெல்லாம் ஒட்டுனா குப்பைன்னு அள்ளிடுவான். சேனலுக்கே வேட்டு வைக்கலாம். அப்படிச் சேந்தவன் உன் வீடியோவப் பாக்கவும் மாட்டான், அப்பறம் அந்த 4,000 மணி நேரம் எங்கருந்து வரும்? உங்க அத்த பொண்ணு கூட சேந்திருக்கா, ஒண்ணு கூடப் பாத்ததில்லன்னு எங்கிட்டச் சொன்னா. நான் சொன்னன்னு அவகிட்டப் போட்டுக் குடுத்துடாத.

சரி, வந்தது வந்துட்ட, சும்மா போவாத. பரண்ல இந்த வைகாசியில எடுத்த கொம்புத்தேன் எட்டு பாட்டில் இருக்குது. அத ஒரு வீடியோ போடு. வியாதி பேச்சே வாயில வரக் கூடாது. மொத வார்த்தையே "இது விளம்பரம், இது எங்க தாத்தாவோட தேனு"ன்னு சொல்லிடணும். சொந்தபந்தம்னா அதையும் சொல்லணும்னு அந்த வழிகாட்டியிலயே இருக்குது, உனக்குப் படிச்சிக் காட்டச் சொல்றன். எழுத்தாவும் போடு, பெருசா, எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியணும். கூலியா ஒரு பாட்டில் ஓசியில வாங்குனன்னும் சொல்லிடு.

இன்னா, ஒண்ணு பத்தாதா? மூணா? டேய், ரிசார்ட்காரன்கிட்ட ஒரு ராத்திரிக்கும் ஒரு கோழிக்கும் பதினோரு நிமிசம் பேசுனவன்டா நீ. ரெண்டு தர்றன். பாட்டிலு காசு நீதான் குடுக்கணும், அது நான் ஆலங்காயத்துல வெல குடுத்து வாங்குனது.